நோயாளியின் இரவைக் கெடுப்பது பகல்தான்

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் முற்றிய புற்றுநோயாளி இருக்கும் வீட்டுக்குப் போனால் காதில் விழும் குறை இது: "பகலெல்லாம் தூங்குறாங்க. ராத்திரியானா கண்ணு மூட மாட்றாங்க." வலி எப்படி, சோறு இறங்குதா, வாந்தி உண்டா என்று மருத்துவர் கேட்கும்போது இதைச் சொல்ல வீட்டாருக்குத் தோன்றுவதில்லை. இந்த நோய்க்குத் தூக்கம் கெடத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. இதில் சரிசெய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடலின் நேரக் கணக்கு ஓடுவது அங்கேதான். விழிப்புக்கு உடலைத் தயார்செய்யும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் விடியும் முன்பே ஏறத் தொடங்குவது, தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலட்டோனின் இருட்டியதும் சுரப்பது, பின்னிரவில் உடல்சூடு இறங்குவது எல்லாம் அதன் ஏற்பாடு. அதைத் தன் போக்கில் விட்டால் 24 மணி நேரத்தில் நிற்காது. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் நீளும். தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம்.

முற்றிய புற்றுநோயில் இந்த ஒழுங்கு பல பக்கமும் அடி வாங்குகிறது. நோய் கிளப்பும் அழற்சிப் பொருள்கள் பகலிலேயே ஆளை அசத்துகின்றன. வலி, மூச்சுத்திணறல், அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது, பயம் ஆகியவை இரவைத் தின்கின்றன. பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 104 பெண்களின் எச்சிலைக் காலை முதல் இரவு வரை எடுத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கார்ட்டிசாலை அளந்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வின்படி, காலையில் உயர்ந்து இரவில் தாழும் போக்கு மழுங்கிப்போனவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். ஒழுங்கு குலைந்ததுதான் சாவை முந்தச் செய்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோயின் தீவிரமே ஒழுங்கைக் குலைத்திருக்கலாம். ஆனால் தூக்கத்தைச் சில்லறை விஷயமாக ஒதுக்க இனி இடமில்லை.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை டப்பா. மூளை வீக்கம், வாந்தி, பசியின்மை ஆகியவற்றுக்கு டெக்ஸாமெத்தசோன் தருவார்கள். நல்ல மருந்து. ஆனால் அது கார்ட்டிசாலின் வேலையைப் பல மடங்கு வலுவாகச் செய்யும் ஸ்டீராய்டு. இரவு சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால், உடலுக்கு அப்போதுதான் விடிகிறது. நாளுக்கு இரண்டு வேளை என்றால் காலையிலும் மதியத்துக்குள்ளும் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தானாக நிறுத்துவதோ குறைப்பதோ ஆபத்து. நேரத்தை மட்டும்தான் பேசுகிறேன். மார்ஃபின் விஷயத்திலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவு 10 மணிக்கு இரட்டிப்பாகக் கொடுத்து, 2 மணி வேளையை விட்டுவிடும்படி வலி தணிப்பு மருத்துவர்கள் பலருக்கு எழுதித் தருவது வழக்கம். மாத்திரைக்காக யாரும் நடுராத்திரியில் எழுப்பப்பட வேண்டியதில்லை.

அடுத்தது அறை. நோயாளி என்றதும் உள்ளறையை ஒதுக்கிக் கொடுத்து, சன்னலுக்குத் திரை போட்டு, "தூங்கட்டும் விடு" என்கிறோம். அன்பால் செய்வதுதான். வேலூரில் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்களுக்கு இந்தத் தேர்வுகூட இல்லை. சன்னலே இல்லாத லாட்ஜ் அறை, பகலிலும் ஒரு ட்யூப்லைட். அந்த வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் தேறும். திண்ணை நிழலிலோ மொட்டைமாடியிலோ காலையில் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வேலூர் வெயில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் 7 மணியை ஒட்டி அரை மணி நேரம், நிழலில், சாய்வாக உட்கார வைத்தால் போதும். கண்புரை உள்ள முதியவருக்கு வெளிச்சம் உள்ளே போவதே குறைவு. அவருக்கு இது இன்னும் அவசியம்.

வெளிச்சம் மட்டுமல்ல, மற்றவர்களின் நடமாட்டமும் நேரம் சொல்லும். இதற்கு மதுரையில் ஒரு சான்று இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே.சந்திரசேகரனும் உடன் பணியாற்றியவர்களும் 1970களின் பிற்பகுதியில் இருண்ட குகைக்குள் வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே எட்டாத அந்த இடத்திலும், சுற்றியிருந்த கூட்டம் அந்தியில் பறந்து போய்த் திரும்பும் நேரத்தோடு கூண்டு வௌவால்களின் விழிப்பும் ஒத்துப்போனது. கூட்டமில்லாமல் தனியே வைத்தவை நாள்பட நேரம் தவறின. மனிதரும் வௌவாலும் ஒன்றல்ல. ஆனாலும் ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க மகள் விடியற்காலையில் சோறு கட்டும் வீட்டில், அந்தச் சத்தமும் பேச்சும் அம்மாவின் கட்டிலை எட்டட்டும் என்றே நான் சொல்வேன். முகம் கழுவி, பகல் உடை மாற்றி, காபியைக் கூடத்தில் கொடுங்கள். மதியத் தூக்கம் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி.

தூக்கம் வராததற்கு மருந்துக் கடையில் அல்பிரசோலம் கேட்டு வாங்குவது மட்டும் வேண்டாம். மார்ஃபின் எடுப்பவருக்கு அது மூச்சை மந்தமாக்கும். தளர்ந்தவரைத் தடுமாறி விழச் செய்யும். இரண்டு மூன்று நாளில் திடீரென இரவு பகலாக மாறி, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசி, துணியைப் பிய்த்தால், அது வெறும் தூக்கக் குறை இல்லை. மூளைக் குழப்பம். கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, மலச்சிக்கல், மருந்து என்று காரணம் இருக்கும். பலவற்றுக்கு வைத்தியமும் இருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கடைசி நாட்களுக்கு இது எதுவும் பொருந்தாது. உடல் அடங்கும் வேளையில் நாள் முழுக்கத் தூங்குவது இயல்பு. அப்போது வெளிச்சத்துக்காக யாரையும் எழுப்பாதீர்கள்.

அதற்கு முன்னால் இருக்கும் வாரங்களும் மாதங்களும்தான் நம் கையில் இருப்பவை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். அவர் வருவதற்கு முந்தைய மூன்று நாட்களில் எப்போது தூங்கினார், எப்போது விழித்தார், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரவில் யார் கூட விழித்திருக்கிறார்கள் என்பதையும் அதில் சேருங்கள். காலையில் கம்பெனிக்குப் போக வேண்டிய பெண்ணே எல்லா இரவும் விழித்திருந்தால், அதையும் செவிலியர் தெரிந்துகொள்ள வேண்டும்.