ஒரு கணு போதும்: வீட்டிலேயே மணிபிளான்ட் பெருக்கும் முறை

லோதி ரோட்டில் உள்ள எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலர், வைப்புத்தொகை ரசீதை வாங்கிக்கொண்ட கையோடு, ஜன்னலோரம் படர்ந்திருக்கும் மணிபிளான்ட் கொடியைக் காட்டி, "ஒரு துண்டு கிடைக்குமா?" என்று கேட்பது வழக்கம். கேட்காமலேயே கிள்ளிச் செல்வோரும் உண்டு. திருடி வைத்தால்தான் அச்செடி தழைக்கும், பணமும் சேரும் என்பது வடக்கிலும் தெற்கிலும் நிலவும் நம்பிக்கை. வங்கி அலுவலர் என்ற முறையில் அந்த வழியை நான் பரிந்துரைக்க இயலாது. கேட்டு வாங்கிய துண்டும் அதே வேகத்தில் வேர் விடும் என்பதற்கு நான் உறுதி கூறுகிறேன்.

ஆனால், கொடுத்த துண்டுகளில் பாதி பிழைப்பதில்லை. பிழைத்தவற்றில் சில வேறொரு தீங்குக்கு இடமளிக்கின்றன. இரண்டையும் தவிர்ப்பது எவ்வாறு என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூக்காத கொடி

எபிபிரெம்னம் ஆரியம் என்பது இதன் தாவரவியல் பெயர். பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சுப் பாலினீசியாவைச் சேர்ந்த மூரேயா தீவு இதன் தாயகம். இக்கொடி பெரும்பாலும் பூப்பதே இல்லை. வளர்ப்பிடங்களில் இது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ஆம் ஆண்டில். பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் மரபணு இச்செடியில் சரிவரச் செயற்படாததே காரணம் என்று 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது.

பூ இல்லையேல் விதை இல்லை. ஆகவே, நம் வீடுகளில் உள்ள மணிபிளான்ட் ஒவ்வொன்றும் வேறொரு கொடியிலிருந்து வெட்டப்பட்ட துண்டின் வளர்ச்சியே ஆகும். கை மாறிக் கை மாறித்தான் இது உலகெங்கும் பரவியிருக்கிறது.

எங்கே வெட்டுவது?

பலரும் செய்யும் பிழை, இலையை மட்டும் காம்புடன் கிள்ளி நீரில் இடுவதாகும். அவ்விலை சில வாரங்கள் பசுமையாக இருக்கலாம். புதுக் கொடியாக ஒருபோதும் வளராது. துளிர்க்கும் திறன் கணுவில்தான் இருக்கிறது. தண்டில் இலைக்காம்பு சேரும் இடமே கணு. அதன் அருகில் சிறு பழுப்பு நிற முண்டு ஒன்று தென்படும். அது காற்றுவேரின் தொடக்கம்.

இரண்டு அல்லது மூன்று இலைகள் உள்ள துண்டைத் தேர்ந்தெடுத்து, கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். அடிக்கணுவில் உள்ள இலையை நீக்கிவிட வேண்டும். நீரிலோ மண்ணிலோ கணு மூழ்கியிருத்தல் அவசியம். இலை மூழ்கினால் அழுகிவிடும். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, வெட்டப்பட்ட இடத்தருகே சேர்கிறது. அதுவே வேரைத் தூண்டுகிறது. நுனியை இழந்த தாய்க்கொடியும் வாடுவதில்லை. கீழ்க்கணுக்களில் புதிதாய்த் துளிர்க்கும்.

நேர்வெயில் படாத, நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேர் காணலாம். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் தொட்டிக்கு மாற்றுதல் நலம். தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு என்ற கலவை போதும். நீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். எனவே முதல் இரு வாரங்கள் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தில்லியின் பருவங்கள்

தமிழ்நாட்டில் இக்கொடி தென்னை மரத்தைப் பற்றி ஏறி, முறம் போன்ற இலைகளை விரிப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்நினைவோடு நான் தில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில், வேர்விட்ட ஏழு துண்டுகளைப் பால்கனியிலேயே விட்டுவைத்தேன். ஜனவரி முடிவதற்குள் ஏழும் கறுத்து அழுகின.

வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே சென்றால் இக்கொடி துன்புறத் தொடங்கும். இந்திய வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் எங்கள் லோதி ரோட்டில்தான் உள்ளது. குளிர்கால நாளிதழ்களில் லோதி ரோடு நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையைப் பாருங்கள். சில விடியல்களில் அது 5 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. நவம்பர் இறுதியிலேயே தொட்டிகளை அறைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். மே, ஜூன் மாதங்களின் லூ என்னும் அனற்காற்றும் இலைகளைக் கருக்கிவிடும்.

ஆக, துண்டு வைக்க உகந்த காலம் இரண்டு: பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரை, பின்னர் மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை.

பாட்டிலில் வளரும் ஆபத்து

அந்த மழைக்காலத்தைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில், கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாளி, கூலர் அனைத்தையும் பார்த்துவிட்டு, என் மேசைமீதிருந்த மணிபிளான்ட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. அதே வாரம் எங்கள் மாடிப்படியைச் சேர்ந்த ஒரு வீட்டுச் சிறுவன் டெங்குக் காய்ச்சலுடன் மருத்துவமனையில் இருந்தான். அவனைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகக் கேட்டுக்கொண்டேன். அவன் நலமுடன் திரும்பும்வரை எனக்கு உறக்கம் சரியாக இல்லை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் விரும்புகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். முட்டை கொசுவாக மாற வெப்பகாலத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் காத்திருக்கும். 1996-ஆம் ஆண்டு தில்லியில் பரவிய டெங்குவுக்கு நானூறுக்கும் மேற்பட்டோர் பலியாயினர் என்பதை மறத்தலாகாது.

செய்ய வேண்டியவை எளியவை. பிப்ரவரி, மார்ச்சில் நீரில் வேர்விடச் செய்து, மழைக்கு முன்பே மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் நீர்ப்பாட்டிலே வேண்டாம். கணுவை நேரடியாக ஈரமண்ணில் பதித்தாலே வேர் விடும். பாட்டிலில்தான் வைக்க வேண்டுமெனில், வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, புதுநீர் ஊற்றுங்கள். பாட்டிலின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். தொட்டியின் அடித்தட்டிலும் நீர் தேங்க விடாதீர்கள்.

இன்னொரு குறிப்பு: இக்கொடியின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும்.

இப்போதும் எங்கள் கிளையில் துண்டு கேட்போருக்கு மறுப்பதில்லை. ஈரத்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது, "கணு மண்ணுக்குள் இருக்கட்டும், பாட்டிலானால் ஞாயிறுதோறும் தண்ணீரை மாற்றுங்கள்" என்ற இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே கொடுக்கிறேன். பணம் சேருமா என்பதற்கு இச்செடி பொறுப்பல்ல. அதற்கு மாதந்தோறும் தவறாமல் செலுத்தும் தொடர் வைப்புக் கணக்கு இருக்கிறது.