பலகை இல்லாத தெருவில் அபராதம்

தமிழ்நாட்டில் மோட்டார் வாகனக் குற்றங்களுக்கான உடனடி அபராதம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் உயர்த்தப்பட்டபோது, தலைக்கவசம் அணியாமல் ஓட்டுவதற்கும் குடித்துவிட்டு ஓட்டுவதற்கும் உரிய தொகைகளைப் பற்றியே மக்கள் பெரிதும் பேசினார்கள். அதே வேளையில், வாகனத்தைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கான தொகையும் முதல் முறைக்கு 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாகவும், அடுத்தடுத்த முறைகளுக்கு 300 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் ஐந்து மடங்கு ஏறியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் இந்த உச்சவரம்பை வகுத்திருந்தது. மாநில அரசு அதை மூன்றாண்டுகளுக்குப் பிறகு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024–25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் வட்டார விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு முதல் அபராதம் ஒன்றரை நாள் உழைப்புக்கும் மேல், இரண்டாவது ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு என்பது விளங்கும்.

இருப்பினும் அபராதம் கட்டியவர்களின் ஆற்றாமைக்குத் தொகை மட்டுமே காரணமன்று. இவ்விடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று யார், எப்போது, எந்த ஆணையால் தீர்மானித்தார்கள் என்பதற்கு விடை கிடைப்பதில்லை. தவறு தன்னுடையதன்று என்று சொல்ல விரும்புகிறவர் எங்கே போய்ச் சொல்வது என்பதற்கும் விடை கிடைப்பதில்லை. அபராதம் விதிக்கும் உரிமை, தடையை முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும்படி அறிவிக்கும் கடமையிலிருந்துதான் பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அந்தக் கடமை நிறைவேறாத தெருவில் வசூலிக்கப்படும் அபராதம், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நியாயமற்றதே.

மோட்டார் வாகனச் சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. வாகனங்கள் நிற்பதற்கான இடங்களை உள்ளாட்சி அமைப்புடன் கலந்து தீர்மானிக்கும் அதிகாரத்தை 117ஆம் பிரிவு மாநில அரசுக்கோ அது அதிகாரம் அளித்த அமைப்புக்கோ தருகிறது. போக்குவரத்துக் குறியீட்டுப் பலகைகளை நிறுவும் அதிகாரத்தை 116ஆம் பிரிவும், அப்பலகைகளுக்குக் கீழ்ப்படியும் கடமையை 119ஆம் பிரிவும் பேசுகின்றன. பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ தகாத சிரமமோ விளையும் வகையில் வண்டியை நிற்கவிடக் கூடாது என்பது 122ஆம் பிரிவு. அதற்கெனத் தனித் தண்டனை சொல்லப்படாததால், வேறு தண்டனை குறிப்பிடப்படாத குற்றங்களுக்கெல்லாம் பொதுவாக உள்ள 177ஆம் பிரிவின் தொகையே அதற்கும் பொருந்துகிறது.

இவற்றிலிருந்து தடைகள் இரு வகைப்படும் என்பது தெளிவாகும். முதல் வகைக்குப் பலகை தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளும், அவற்றின் இடத்தில் 2017இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளும் சாலைச் சந்திப்பு, வளைவு, பாலம், நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பேருந்து நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாயில் ஆகிய இடங்களை ஓட்டுநர் தாமே அறிந்து தவிர்க்க வேண்டியவையாகக் கருதுகின்றன. அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாதபடி காரை நிறுத்திவிட்டு, பலகை எங்கே என்று கேட்பவருக்கு அனுதாபம் காட்ட இடமில்லை. நியாயமற்ற அபராதம் என்ற பெயரில் எழும் புகார்களில் இத்தகையவையும் கலந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாம் வகைத் தடையோ அவ்வாறு தானே விளங்கக்கூடியதன்று. கடைத்தெருவின் ஒரு பக்கம் மட்டும், ஒற்றைப்படைத் தேதிகளில் மட்டும், காலை முதல் மாலை வரை மட்டும் என்பன போன்ற தடைகள் அதிகாரி ஒருவரின் ஆணையால் உண்டாகின்றன. பலகையோ சாலையில் தீட்டிய கோடோ இல்லாவிட்டால் அவை வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, உள்ளூர்க்காரருக்கும் தெரிய வழியில்லை.

வாகனத்தை இழுத்துச் செல்வது, சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவது ஆகியவற்றைப் பற்றிய 127ஆம் பிரிவு இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும், நிறுத்துவது சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியையும் அகற்றுவதற்கு, அந்த எல்லைக்கு உரிய, சீருடையில் உள்ள காவல் அலுவலர் ஆணையிடலாம். இழுக்கும் செலவு அபராதத்துக்கு மேலாக உரிமையாளர் தலையில் விழும். ஆகவே ‘சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடம்’ என்பதை மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லாதபோது, வண்டியை இழுத்தது சரியா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

இந்த விதிகளைச் செயல்படுத்தும் காவல் அமைப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். மாநகராட்சியான திருநெல்வேலிக்கு மாநகரக் காவல் ஆணையரகம் உண்டு. அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில், மாவட்டக் காவல் துறையின் எல்லைக்குள் இருக்கும் நகராட்சியான அம்பாசமுத்திரத்தின் நிலை வேறு. அம்பை என்று நெல்லைச் சீமை சுருக்கி அழைக்கும் இவ்வூர் வட்டத் தலைநகரம். கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு என்று ஆற்றின் இருகரை ஊர்க்காரர்களும் நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் பஜாருக்கும் இங்கே வந்தாக வேண்டும். அவர்களில் மிகப் பலர் வருவது இருசக்கர வாகனத்தில். விடுமுறை நாள்களில் பாபநாசம், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி நோக்கிச் செல்லும் கார்களும் வேன்களும் இதே சாலைகளில் சேர்ந்துகொள்கின்றன. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் நிற்கும் வண்டிகளைச் சொல்லவே வேண்டாம். அலுவலகங்களையும் கடைகளையும் மண்டபங்களையும் கட்ட அனுமதி கொடுக்கும்போது வண்டி நிற்க இடம் விடச் செய்வது ஆட்சியின் பொறுப்பு. அது தவறியபின் மிஞ்சும் நெருக்கடியைச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தியவரின் ஒழுங்கீனமாக மட்டும் கணக்கெழுதுவது காரணத்தை விட்டு விளைவைத் தண்டிப்பதாகும்.

முறையான ஏற்பாடு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்குப் பெருந்திரளான மக்கள் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் செல்ல வேண்டியிருப்பதால், அண்மை ஆண்டுகளில் தனியார் வாகனங்கள் அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்தப்பட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்துகளில் பக்தர்கள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். எங்கே நிறுத்தக் கூடாது என்பதோடு எங்கே நிறுத்தலாம் என்பதும் முன்னதாகவே அறிவிக்கப்படுவதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. ஆண்டில் சில நாள்களுக்குக் காட்டு வழியில் செய்ய முடிவதை, ஆண்டு முழுவதும் ஊருக்குள் செய்ய முடியாது என்பதற்குத் தக்க காரணம் எதுவும் தென்படவில்லை.

இ-சலான் முறை வந்தபின் பிரச்சினை புதிய வடிவம் எடுத்திருக்கிறது. இ-சலான் என்பது காவல் அலுவலர் கையடக்கக் கருவியில் வண்டியின் பதிவெண்ணையும் படத்தையும் பதிவுசெய்து உண்டாக்கும் மின்னணுக் குற்ற அறிக்கை. உரிமையாளர் அருகில் இல்லாவிட்டாலும் அவருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போய்விடும். ரசீதில்லாத வசூலுக்கு இது முடிவு கட்டும் என்பது உண்மையான நன்மை. ஆனால் எதிரெதிரே நின்று விளக்கம் சொல்லும் வாய்ப்பும் அதோடு போய்விட்டது. மருந்து வாங்க இறங்கியவரும், பழுதான வண்டியைத் தள்ளி ஓரங்கட்டியவரும், பதிவெண்ணில் ஓரெழுத்து மாறிப்போனதால் வேறொருவர் குற்றத்தைச் சுமப்பவரும் ஒரே மாதிரியான குறுஞ்செய்தியையே பெறுகிறார்கள். கேமரா போன்ற மின்னணுக் கருவிகளின் வழியாகக் குற்றம் பதிவாகும்போது குற்றத்தையும் பதிவெண்ணையும் தெளிவாகக் காட்டும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி வற்புறுத்துகிறது. வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரியும் படம் பதிவெண்ணைக் காட்டும். அங்கே பலகை இருந்ததா, வண்டி இடையூறாக நின்றதா என்பதைக் காட்டாது.

முறையீட்டின் உண்மையான சிக்கல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆம் பிரிவில் இருக்கிறது. அரசிதழில் அறிவிக்கப்பட்ட அலுவலர், குறிப்பிட்ட தொகையைப் பெற்றுக்கொண்டு குற்றத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமலே முடித்துக்கொள்ள அது இடமளிக்கிறது. சட்ட மொழியில் இதை இணக்கத் தீர்வு என்பார்கள். ‘ஸ்பாட் ஃபைன்’ என்று மக்கள் சொல்வது உண்மையில் நீதிபதி விதித்த தண்டனையன்று, வாகன ஓட்டி ஏற்கவோ மறுக்கவோ கூடிய இந்த இணக்கமே. கட்டிவிட்டால் மேல் நடவடிக்கை இல்லை. அதே சமயம், குற்றமே நடக்கவில்லை என்று பின்னர் வாதிடும் வாசலும் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. பதிவில் தங்கும் அந்த முதல் சலான், அடுத்ததை 1,500 ரூபாய்க்கு உயர்த்தவும் கூடும். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவையோ அதன் சட்டத்தன்மையையோ தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் பொதுவான விதி. இவ்வளவு கனமான விளைவுகள் உள்ள ஒரு தேர்வு, அது தேர்வு என்றே சொல்லப்படாமல் சாலையோரத்தில் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது.

மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். மெய்நிகர் நீதிமன்றம், அதாவது சலான்களை இணைய வழியிலேயே தீர்க்கும் நீதிமன்றம் செயல்படும் இடங்களில், எதிர்த்து வழக்காட விரும்புவதாகத் தெரிவித்தால் வழக்கு வழக்கமான குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். அங்கே வாய்தாக்களுக்கு வேலையை விட்டு வர வேண்டும். நாள் கூலிக்காரருக்கு இரண்டு வாய்தா நாள்களின் இழப்பே அபராதத்தை விஞ்சிவிடும். நியாயம் தன் பக்கம் இருந்தும் ‘கட்டித் தொலைப்போம்’ என்று அவர் முடிவெடுப்பது கோழைத்தனமன்று, கணக்கு. மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தும் இணக்கத்துக்கு உரிய குற்றங்களை விசாரிக்கலாம் என்றாலும், குற்றம் நடந்ததா என்று தீர்ப்பளிப்பது அதன் பணியன்று; தொகை குறையலாம், பழி நீங்காது.

இங்கிலாந்தில் இச்சிக்கலுக்கு வேறொரு விடை கண்டார்கள். 1991ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வாகன நிறுத்த மீறல்களைக் குற்றவியல் நீதிமன்றங்களிலிருந்து எடுத்து உள்ளாட்சி மன்றங்களின் கையில் கொடுத்தபோது, அம்மன்றங்களுக்குக் கட்டுப்படாத தனி நடுவர்களையும் உடன் ஏற்படுத்தியது. முறையீட்டுக்குக் கட்டணமில்லை, பலகையோ கோடோ விதிப்படி இல்லை என்பது அங்கே ஏற்கத்தக்க வாதம். பதினான்கு நாள்களுக்குள் கட்டினால் பாதித் தொகை என்ற சலுகை, முறையிட நினைப்பவரைத் தயங்க வைக்கிறது என்ற குறை அங்கும் உண்டு. தனியார் நிறுத்துமிடங்களைப் பொறுத்தவரை, செம்ஸ்ஃபோர்டு நகரக் கடை வளாகம் ஒன்றில் இலவசமாக அனுமதிக்கப்பட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் 56 நிமிடங்கள் காரை நிறுத்திய பேரி பீவிஸ் என்பவர், 85 பவுண்டு கட்டணத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 2015 நவம்பர் 4இல் தோற்றார். அறிவிப்புப் பலகைகள் பெரியவையாக, எடுப்பாக, எளிதில் படிக்கத்தக்கவையாக இருந்ததை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. வாகன ஓட்டிக்கு எதிரான தீர்ப்பிலும் பலகையின் தெளிவுக்கு இத்தனை எடை இருந்தது என்பது நமக்கு முக்கியமானது.

தமிழ்நாட்டில் அத்தகைய நடுவர் இல்லாத நிலையிலும் வாகன ஓட்டி முற்றிலும் கையறு நிலையில் இல்லை. சலான் வந்த அன்றே இடத்தை நான்கு பக்கமும் படமெடுத்து வைப்பது பின்னர் பெருந்துணையாகும். பலகை பிறகு முளைத்தாலும் அப்படம் சாட்சியாக நிற்கும். அவ்விடத்தை நிறுத்தத் தடைப் பகுதியாக அறிவித்த ஆணையின் நகலையும் பலகை நிறுவிய தேதியையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில், நகராட்சியிடமும் காவல் துறையிடமும் கேட்கலாம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். திருநெல்வேலி கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு சலானை ரத்து செய்யாது என்றாலும், பலகையில்லாத இடத்தைப் பற்றிய புகாரை ஆவணமாக்கும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும் என்ற காலவரம்பும் நினைவில் இருக்கத் தக்கது.

வழக்கு குற்றவியல் நடுவர் முன் வந்துவிட்டால், குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு காவல் துறையுடையது. இடையூறு நேர்ந்ததா என்பது சான்றுகளால் நிலைநாட்டப்பட வேண்டிய உண்மையே தவிர, சலானில் அச்சிடப்பட்டதால் உண்மையாகிவிடுவதன்று. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி வட்ட அளவில் சட்டப் பணிகள் குழுக்கள் இயங்குகின்றன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் உள்ளோர் ஆகியோருக்கு இலவச உதவி உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. அப்பிரிவு தகுதியை ஆளைப் பார்த்தே வகுக்கிறது, வழக்கின் தொகையைப் பார்த்தன்று. ஆகவே 500 ரூபாய்ச் சலானுக்கும் அங்கே வழக்கறிஞரைக் கேட்டு மனுக் கொடுக்கலாம்.