கல்லமேட்டு எலும்பும் எமது காணி உறுதியும்

தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்றோர் இடம் உண்டு. அங்குள்ள மணலும் களியும் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து படியவைத்தவை. எமது வயல்களில் வெள்ளம் வண்டல் விடுவது போலத்தான். 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் அம்மண்ணிற் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, 'புருஹத்காயோசோரஸ்' என்ற டைனோசருக்கு உரியவை என அறிவித்தனர். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீற்றர் நீளம்.

அவ்வெலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் நைந்திருந்த அவை உதிர்ந்து போயின. பொருள் இல்லாத இடத்தில் ஐயம் புகுந்தது. அது எலும்பல்ல, கல்லான மரம் என்றனர் சிலர். அப்பக்கத்துச் சாத்தனூரில் 18 மீற்றர் கல்மரம் கிடக்கிறதே! அன்று எடுத்த படங்களும் அளவுக் குறிப்புகளுமே சாட்சியாக நின்றன. அப்படங்கள் 2022இல் மேலும் வெளிவந்த பின், ஆய்வாளர் அதனை மீண்டும் கருத்திற் கொள்கின்றனர்.

இடம்பெயர்ந்த எமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 2004 சுனாமி கல்முனைக் கரையில் வீடுகளோடு காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் அள்ளிச் சென்றது. வயல் எமது என்பதை நாம் அறிவோம். காட்டக் கையில் ஏதும் இல்லாவிட்டால் மற்றவர் ஐயுறுவர்.

ஆகவே, பதிவான உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்போம். ஒரு பிரதியை வேறூர் உறவினரிடம் வைப்போம். எல்லை வரம்பு, வாய்க்கால், அயற்காணிக்காரர் பெயர் ஆகியவற்றை மூத்தோர் சொல்ல இளையோர் எழுதட்டும். திகதியிட்டுக் கையொப்பமும் பெறட்டும். மூத்தோர் எம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்துவிடுவோம்.