நெல்லி பிளையின் பத்து நாட்கள்

1889இல் கிளம்பி 72 நாட்களில் உலகைச் சுற்றிய அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை, வழியில் நமது கொழும்பிலும் கப்பலுக்காகச் சில நாட்கள் காத்திருந்தார். எனக்கோ, அதற்கு முன்பு அவர் செய்த வேலையே பெரிது.

1887இல், 23 வயதில், நியூயோர்க்கின் பெண்கள் மனநோய் வைத்தியசாலையை நேரில் அறிய, பைத்தியம்போல் நடித்து உள்ளே போனார். போனபின் நடிக்கவேயில்லை, வழமைபோலவே பேசினார். வைத்தியர்கள் நம்பவில்லை! ஆங்கிலம் தெரியாத ஜேர்மனியப் பெண்ணொருவரும், தன் நிலையைச் சொல்ல மொழியின்றி அங்கே அடைபட்டிருந்தார். குளிர்நீர்க் குளியல், பழுதான உணவு, அடி எல்லாவற்றையும் நெல்லி கண்டார். பத்து நாட்களின் பின் பத்திரிகை அவரை மீட்டது. மற்றப் பெண்களுக்கு அப்படி யாருமில்லை.

அவர் எழுதியவை நூலாகின. விசாரணைக் குழு போனபோது, அதற்குள் எல்லாம் துப்புரவாக்கப்பட்டிருந்தது. ஆயினும் குழு நெல்லியையே நம்பியது. பராமரிப்புக்கான நிதியும் கூட்டப்பட்டது.