“கீழே கொண்டு போங்க”

மிளகு பறிக்கிறவன் ஏணியிலிருந்து விழுகிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், “இங்க முடியாது, கீழே கொண்டு போங்க” என்கிறார் டாக்டர். அவர் மேல் கேஸ் போட முடியுமா என்று தாண்டிக்குடி மலை டீக்கடையில் ஒரு தோட்டத்து மேஸ்திரி கேட்டார்.

“அனுப்புறது குத்தமில்லண்ணே. எப்படி அனுப்புறாங்க, அதுதான் கேள்வி” என்றேன். அவருக்கு அது போதவில்லை. இரண்டாவது டீ சொன்னார்.

முதலில் 1989-இல் வந்த தீர்ப்பு. ஸ்கூட்டரில் போனவரை கார் அடித்துப் போட்டுவிட்டது. பார்த்தவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். இது போலீஸ் கேஸ், அதற்கு அனுமதியுள்ள ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். வழியிலேயே உயிர் போனது. பரமானந்த் கட்டாரா என்ற வழக்கறிஞர் இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பதுதான் முதல் வேலை, போலீஸ் நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மேஸ்திரியின் கேள்விக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது அடுத்த வழக்கு. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை, வேறு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கல்கத்தாவில் ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். ஓரிடத்தில் கட்டில் இல்லை, இன்னோரிடத்தில் அந்தச் சிகிச்சைக்கு வசதி இல்லை. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் உறுப்பினராக இருந்த பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி என்ற கூலித் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1996-இல் 25,000 ரூபாய் நஷ்டஈடு கிடைத்தது.

பணத்தைவிட அந்தத் தீர்ப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது அது அரசின் கடனை எண்ணிச் சொன்ன விதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் நிலையைத் தாங்கிப்பிடிக்கும் அளவுக்காவது சாதனம் இருக்க வேண்டும், எங்கே கட்டில் காலி என்று முன்கூட்டியே தெரிய ஏற்பாடு வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும். இவை அரசின் கடன். நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது. டாக்டரின் கடன் வேறு கணக்கு: இருப்பதை வைத்து, அவரைப் போன்ற ஒரு சராசரி டாக்டர் கவனமாகச் செய்யக்கூடியதைச் செய்தாரா என்பதுதான். அலமாரி காலியாக இருப்பதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு ரத்தத்தை நிறுத்தி, ஊசியும் சலைனும் போட்டு, கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் கிடத்தி, 108-ஐ வரவழைத்து, என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று சீட்டெழுதி அனுப்பினால் டாக்டர் கடமையைச் செய்துவிட்டார். தொட்டுக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் மடக்கி உட்காரவைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் கீழே வத்தலக்குண்டுக்கு அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பாம்புக்கடியும் அப்படித்தான். விஷம் ஏறிய அறிகுறி தெரிகிறது, மருந்தும் கையிருப்பில் இருக்கிறது, ஆனாலும் போடாமல் வண்டியேற்றினால் அதற்குச் சமாதானமே கிடையாது. 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றும் தமிழ்நாட்டில் ஆணை இருக்கிறது.

“அப்ப நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாமா?” எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி மேல் போக முடியாது, 1995-இல் சாந்தா வழக்கில் அது முடிவாகிவிட்டது. காசு வாங்கும் ஆஸ்பத்திரி என்றால் போகலாம். அரசு ஆஸ்பத்திரி என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு 2019-இல் 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது அந்தக் கிளைதான். எங்கே போனாலும் காகிதம் பேச வேண்டும். ஓ.பி. சீட்டு, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி எதையும் தொலைக்கக் கூடாது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டது காற்றோடு போகும்.

மேஸ்திரி கிளாஸை வைத்துவிட்டுக் கடைசியாக, “அந்த 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டம் இவனுக்கு வருமா?” என்றார். வராது. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923-லிருந்தே சட்டம். அதற்கு அவன் அன்றைக்கு வேலையில் இருந்தான் என்று காட்டியாக வேண்டும்.

“ஆள் கணக்கு நோட்டுல அவன் பேர் ஏறியிருக்கணும்ணே” என்றேன். அந்த நோட்டை எழுதுகிறவர் அவர்தான்.