கட்டுப்பாடுகளிலிருந்து வடிவம்: சாட்டியின் நீரிறைக்கும் பொறியுறுப்பொன்றைக் கணினியில் உருவமைத்தல்

பொறியுறுப்பொன்றைக் கணினியில் உருவமைத்தல் என்றதும், தாளில் வரைந்ததைத் திரையில் வரைதலே அது என்று கருதும் போக்கு நம்மிடையே பரவலாக உண்டு. இக்கருத்து மீள்பரிசீலனைக்குரியது. தாளில் வரைபவர் உறுப்பின் தோற்றத்தை வரைகின்றார். இன்றைய உருவமைப்பு மென்பொருளைக் கையாள்பவரோ அவ்வுறுப்பு ஏன் அவ்வாறு அமையவேண்டும் என்பதற்கான நியாயங்களை ஒழுங்குபட எழுதுகின்றார். வடிவம் அந்நியாயங்களின் விளைவாகத் தோன்றுகின்றது. இவ்வேறுபாட்டை எளிய உறுப்பொன்றைக் கொண்டு படிப்படியாக விளக்குவதும், அதனூடாக இத்தொழினுட்பம் யார் கையில், எம்மொழியில் அமையவேண்டும் என்பதைச் சிந்திப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களமும் உறுப்பும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து சென்றடையும் வேலணைத் தீவின் கடலோரத்தே சாட்டி அமைந்துள்ளது. வெண்மணற் கரைக்குப் பெயர்பெற்ற இவ்விடம் நன்னீர்க் கிணறுகளுக்கும் பெயர்பெற்றது. ஆறுகளற்ற தீவகத்தில் கிணறே வாழ்வின் ஆதாரம். ஐப்பசி தொட்டு மார்கழி வரை பெய்யும் மாரிமழை மணலினூடும் சுண்ணக்கல்லினூடும் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மீது வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. துலாவும் பட்டையும் கொண்டு அந்நீரை இறைத்த காலம் போய், எண்ணெயாலும் மின்னாலும் இயங்கும் பொறிகள் இறைக்கும் காலம் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன.

இத்தகைய பொறியின் வாயோடு உறிஞ்சு குழாயைப் பிணைப்பது, பட்டறைகளிலே பிளாஞ்ச் எனப்படும் விளிம்புத்தட்டு ஆகும். நடுவே குழாய் நுழையும் துளை; அதனைச் சூழ்ந்து குட்டையான கழுத்து; கழுத்தின் அடியில் வட்டத் தட்டு; தட்டிலே நான்கு போல்ற்றுத் துளைகள். இவ்வளவே அதன் உருவம். ஆயினும் அதன் பணி சிறியதன்று. உறிஞ்சு குழாயில் நீரை மேலேற்றுவது வளிமண்டல அமுக்கமே. முழு வெற்றிடம் அமைந்தாலும் நீர் ஏறத்தாழ 10.3 மீற்றருக்கு மேல் ஏறாது. மூட்டினூடாக வளி உட்புகுமாயின் அவ்வேற்றமும் கெடும். பொறி ஓடிக்கொண்டிருக்கும், நீர் வராது.

உப்புக்காற்று இரும்பை அரிக்கும் கடலோரத்தில் இத்தட்டு துருவேறிப் பழுதடைவது இயல்பு. பொறி பழையதாயின் அதற்கு ஏற்ற மாற்றுறுப்பு கடையிற் கிடைப்பது அரிது. வேலணைக்காவது தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கொண்டு செல்வதாயின் குறிகட்டுவானிற் படகேற்ற வேண்டும். ஆகவே, பழுதடைந்த உறுப்பைத் தாமே அளந்து, உருவமைத்து, அண்மைப் பட்டறையிற் செய்விக்கும் ஆற்றல் தீவக மக்களைப் பொறுத்தவரை குடிநீரோடு தொடர்புடையதொரு பிரச்சினையாகும்.

2. வரைதலிலிருந்து விதித்தலுக்கு

கணினித் திரையில் வடிவங்களை அமைக்கும் முயற்சியின் முக்கிய தொடக்கங்களுள் ஒன்று, ஐவன் சதர்லண்ட் 1963இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக அளித்த ஸ்கெச்பாட் ஆகும். ஒளிப்பேனாவாற் கோடு வரையலாம் என்பதைக் காட்டிலும் முக்கியமான கூறொன்று அதில் இருந்தது. இக்கோடு அக்கோட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும், இவையிரண்டும் சம நீளமாக இருக்கவேண்டும் என விதிக்க முடிந்தது. கணினி அவ்விதிக்கேற்ப உருவைத் திருத்தியது. இவ்விதிகளையே கட்டுப்பாடுகள் என்கின்றோம். 1988இல் வெளிவந்த புரோ எஞ்சினியர் என்னும் மென்பொருள், அளவுகளையும் உருவாக்கப் படிகளையும் நினைவிற் கொண்டு, ஓர் அளவு மாறின் உறுப்பு முழுவதையும் மீள அமைக்கும் முறையைத் தொழிலுலகில் நிலைநிறுத்தியது. மாறக்கூடிய அவ்வளவுகளைப் பரமானங்கள் எனலாம். இதே முறையில் இயங்குவதும், 2002இல் முதன்முதல் வெளியிடப்பட்டதும், எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தக்கூடியதுமான பிறீகாட் என்னும் மென்பொருளை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

3. உருவமைக்கும் படிமுறை

முதற்படி அளத்தல். இதற்கு வேணியர் இடுக்கி ஒன்று போதும். ஆனால் அளவிடப்படுவது அரிப்புண்ட உறுப்பு என்பதை மறத்தலாகாது. வெளிவிட்டம் ஓரிடத்தில் 138.6 மில்லிமீற்றரும் பிறிதோரிடத்தில் 139.3 மில்லிமீற்றரும் காட்டுமாயின், முதலிற் செய்தவர் கருதிய அளவு 140 என்று ஊகிக்கவேண்டும். தேய்ந்ததை அளந்து தேயாததை அறிதலே இங்குள்ள திறன். அதனைக் கணினி செய்யாது. எதிரெதிர்த் துளைகளின் மையத் தூரமும் நேரே அளக்கக்கூடியதன்று. மையத்திலே பொருள் இல்லை. துளைகளின் வெளியோரங்களுக்கிடையே 119, உள்ளோரங்களுக்கிடையே 91 எனின் இவற்றின் சராசரியான 105 மில்லிமீற்றரே துளைமையங்கள் அமைந்த வட்டத்தின் விட்டமாகும். துளைகள் தேய்ந்து அகன்றிருப்பினும், தேய்வு எப்புறமும் ஒத்திருக்கும்வரை இச்சராசரி மாறாது.

இரண்டாம்படி, பெற்ற அளவுகளை இரு வகையாகப் பிரித்தல். சில அளவுகள் பிறவற்றால் தரப்பட்டவை. பொறியின் வாயிலே நான்கு துளைகள் 105 மில்லிமீற்றர் வட்டத்தில் ஏற்கெனவே உள்ளன. அதனை நாம் மாற்ற முடியாது. இரண்டங்குல இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீற்றர், ஆகவே தட்டின் நடுத்துளை 61. ஏனையவை இவற்றிலிருந்து பெறப்படுவன. கழுத்தின் சுவர் 6.5 மில்லிமீற்றர் தடிப்புடையதெனின் கழுத்தின் வெளிவிட்டம் 61 + 13 = 74. துளைகளுக்கு வெளியே போதிய இரும்பு இருக்கவேண்டுமாதலால் தட்டின் வெளிவிட்டம் 105 + 35 = 140. தட்டின் தடிப்பு 14, கழுத்து உட்பட மொத்த உயரம் 32 எனக் கொள்வோம். மென்பொருளின் அட்டவணையில் இவற்றைப் பெயரிட்டு எழுதுகையில், 74 என்றோ 140 என்றோ எழுதாது, மேற்கண்ட உறவுகளையே எழுதவேண்டும். எண் விடையை மட்டுமே கூறும். உறவு அவ்விடைக்கான காரணத்தைக் கூறும்.

மூன்றாம்படி கோட்டுரு வரைதல். தட்டை அதன் அச்சினூடாக இரண்டாகப் பிளந்தால் தோன்றும் வெட்டுமுகத்தில் ஒரு பாதியை மட்டும் வரைகின்றோம். அது படிக்கட்டில் ஒரு படியை ஒத்த, ஆறு கோடுகளால் அடைபட்ட உரு. இவ்வுருவுக்கு ஆறு உச்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் நகரக்கூடும். எனவே தொடக்கத்தில் 12 சுயாதீனப் படிகள் உள்ளன. ஆறு கோடுகளும் ஒன்றில் கிடையாகவோ ஒன்றில் நிலைக்குத்தாகவோ இருக்கவேண்டும் என விதிக்கையில் ஆறு படிகள் நீங்குகின்றன. பொறியின் வாயைத் தொடும் முகம் ஆதித் தளத்தில் அமையவேண்டும் என்பதனால் மேலும் ஒன்று நீங்குகின்றது. எஞ்சிய ஐந்தையும் ஐந்து அளவுகள் நீக்குகின்றன: உள்ளாரை 30.5, கழுத்தின் ஆரை 37, தட்டின் ஆரை 70, தடிப்பு 14, உயரம் 32. மீதி பூச்சியம். அக்கணத்தில் கோட்டுரு முழுவதும் பச்சை நிறமாகின்றது. இனி எக்கோடும் தன் விருப்பப்படி நகராது. ஓர் அளவைக் கூடுதலாக விதித்தால் மென்பொருள் மறுப்புத் தெரிவிக்கும்; ஒன்றைக் குறைத்தால் உரு தளர்ந்து நிற்கும். வடிவம் என்பது போதிய நியாயங்களின் தொகுதி என்ற நமது கூற்று இங்கு கணக்காகவே நிறுவப்படுகின்றது.

நான்காம்படி சுழற்றுதல். கோட்டுருவை அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றத் தட்டும் கழுத்தும் திண்மமாகத் தோன்றுகின்றன. கடைசற்காரர் இரும்பைச் சுழற்றி உளி பிடித்துப் பெறும் உருவும் இதுவே. பட்டறையின் செய்முறையும் கணினியின் செய்முறையும் ஒத்துச் செல்லுமிடத்து உருவமைப்பு எளிதாகின்றது.

ஐந்தாம்படி துளையிடுதல். தட்டின் முகத்தில் அச்சிலிருந்து 52.5 மில்லிமீற்றர் தூரத்தில், 12 மில்லிமீற்றர்ப் போல்ற்று தாராளமாக நுழையுமாறு 14 மில்லிமீற்றர் வட்டமொன்றை வரைந்து குடைகின்றோம். ஒரு துளையை மட்டுமே வரைதல் வேண்டும். அதனை அச்சைச் சுற்றி நான்காக மடங்காக்கும்படி பணித்தால் 90 பாகைக்கு ஒன்றாக நான்கும் அமைந்துவிடும். நான்கையும் தனித்தனியே வரைபவர், பிழை நேர்வதற்கு நான்கு வாய்ப்புகளை உண்டாக்குகின்றார்.

ஆறாம்படி, கழுத்தும் தட்டும் சந்திக்கும் உள்மூலையை 4 மில்லிமீற்றர் ஆரையில் வளைத்தல். கூரிய உள்மூலையிலே தகைப்புச் செறிந்து வெடிப்புத் தொடங்கும் என்பதே இதற்குக் காரணம். இவ்வளைவுகளைக் கடைசியாகச் செய்தல் நன்று. விளிம்புகளை மென்பொருள் தனக்குள் இலக்கமிட்டு வைக்கின்றது. முன்படியொன்று மாறுகையில் அவ்விலக்கங்கள் இடம்மாறி, வளைவு வேறொரு விளிம்பிற் சென்று அமையும் குறை பிறீகாட்டில் நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 ஆம் பதிப்பு இக்குறையைப் பெருமளவு தணித்துள்ளது. ஆயினும் ஒழுங்கு பற்றிய இவ்விதி இன்றும் பயனுடையதே.

ஏழாம்படி சரிபார்த்தல். போல்ற்றுத் தலையின் மூலைக்கு மூலை அகலம் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர். அது கழுத்திலோ உள்வளைவிலோ முட்டாதிருக்க, துளைவட்டம் 74 + 8 + 22 = 104க்குக் குறையாதிருத்தல் வேண்டும். நமது வட்டம் 105. ஒரு மில்லிமீற்றரே மிகுதி, எனினும் போதும். மென்பொருள் கூறும் கனவளவு ஏறத்தாழ 192 கனசென்ரிமீற்றர்; வார்ப்பிரும்பாயின் உறுப்பு 1.4 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும். பழைய உறுப்பைத் தராசிலிட்டு ஒப்புநோக்கினால் பெருந்தவறுகள் புலப்பட்டுவிடும். வார்ப்பாற் செய்விப்பதாயின், வார்ப்பிரும்பு ஆறுகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்குமாதலால் வார்ப்பச்சை அவ்வளவு பெருக்கிச் செய்தல் வேண்டும்.

4. திரையில் இல்லாத கட்டுப்பாடு

இம்முறையின் சிறப்பு, மாற்றத்தை எளிதாக்குவதாகும். அதன் ஆபத்தும் அதுவே. இரண்டங்குலக் குழாய்க்குப் பதிலாக மூன்றங்குலக் குழாய் வேண்டும் என ஒருவர் கருதுவாராயின், நடுத்துளையை 90 ஆக மாற்றினாற் போதும். கழுத்து தானே 103 ஆகிவிடும். ஆனால் பொறியின் வாய் தந்த துளைவட்டம் 105 ஆகவே நிற்கின்றது. துளைகள் கழுத்தைக் குடைந்துவிடும். உறவுகளை எழுதி வைத்தவருக்கு இது உடனே தெரியும்.

அவ்வாறாயின் பெரிய வாயுள்ள பொறியையே வாங்கலாமே என்பது அடுத்த எண்ணம். இங்குதான் எந்த மென்பொருளும் அறியாத கட்டுப்பாடொன்று எதிர்ப்படுகின்றது. உவர்நீர்மீது மிதக்கும் நன்னீர் வில்லை பற்றி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபனும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேர்ஸ்பேர்க்கும் கண்ட தொடர்பின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கம் யாதெனில், இறைப்பினால் நீர்மட்டம் சிறிதே தாழினும், காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் அதன் பன்மடங்கு மேலெழக்கூடும் என்பதாகும். தீவகத்து வில்லைகள் மெல்லியவை. பெரும்பொறி கொண்டு விரைந்து இறைக்கப்படும் கிணறு விரைவில் உவராகும். உவரான கிணறு மீள்வதற்குப் பல மாரிகள் வேண்டும். துலாவால் இறைத்தவரின் மெதுவான இறைப்பு நிலத்தின் அளவோடு ஒத்திருந்தது. ஆகவே நமது அட்டவணையில் குழாயின் விட்டத்துக்கு எதிரே இயந்திரவியற் காரணத்தோடு நிலத்தின் காரணமும் எழுதப்படவேண்டும். அதனை எழுதத்தக்கவர் அவ்வூர்க் கிணற்றை அறிந்தவரே.

5. கருவியும் மொழியும்

உற்பத்திக் கருவி யார் வசம் உள்ளது என்னும் வினா இங்கும் எழுகின்றது. பெருநிறுவனங்களின் உருவமைப்பு மென்பொருள்கள் ஆற்றல் மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவற்றுட் பல ஆண்டுக் கட்டணத்துக்கே கிடைக்கின்றன; கட்டணம் நின்றால், தாம் செய்த உருவத்தையே திருத்த முடியாத நிலை ஏற்படும். குத்தகை முடிந்ததும் தான் பண்படுத்திய நிலத்தைவிட்டு இறங்கும் உழவனின் நிலை இது. பிறீகாட் போன்ற கட்டற்ற மென்பொருளில் இந்நிலை இல்லை.

ஆயினும் மென்பொருள் இலவசமாயின் எல்லாம் கைகூடிவிடும் எனல் பொருந்தாது. வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே உருவங்களைப் பரிமாற ஸ்டெப் எனப்படும் சர்வதேச நியமம் 1994 முதல் உண்டு. அது திண்மத்தின் வடிவத்தைத் துல்லியமாகக் கொண்டு செல்லும். ஆனால் பொதுவாகக் கட்டுப்பாடுகளையும் படிகளின் வரலாற்றையும் கொண்டு செல்வதில்லை. வடிவம் எஞ்சும், நியாயம் மறையும். இக்குறையை நீக்கும் எளிய வழி, ஒவ்வோர் உருவக் கோப்போடும் ஒரு பக்கக் குறிப்பை இணைத்து வைத்தலாகும். இவ்வளவு பொறி தந்தது, இவ்வளவு குழாய் தந்தது, இவ்வளவு கிணறு தந்தது என அக்குறிப்பு கூறவேண்டும்.

அக்குறிப்பு தமிழில் அமைதல் வேண்டும். இது வெறும் மொழிப்பற்றினாற் கூறப்படுவதன்று. உறுப்பைச் செய்பவரும் பூட்டுபவரும் பழுதறிபவரும் தமிழிற் பேசுபவர். காரணம் அவர்களுக்கு விளங்காதவிடத்து அளவு வெறும் எண்ணாகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். கடந்த நூற்றாண்டில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பரமானமும் சுயாதீனப் படியும் வேணியர் இடுக்கியும் நமது பாடசாலைகளில் வழங்கும் சொற்களே. அவற்றோடு பிளாஞ்ச், போல்ற்று, கடைசல் முதலிய பட்டறைச் சொற்களும் தயக்கமின்றிச் சேரவேண்டும். நூற்சொல்லும் தொழிற்சொல்லும் கலவாத மொழியில் தொழினுட்பம் வேரூன்றாது.

பல்கலைக்கழகங்களின் பொறியியல் மாணவரும் தீவகப் பட்டறைத் தொழிலாளரும் இணைந்து, அடிக்கடி பழுதுறும் பத்து உறுப்புகளையேனும் இவ்வாறு உருவமைத்துக் குறிப்பெழுதி வைப்பாராயின், அது பயனுள்ளதொரு தொடக்கமாகும். அளக்கும் கையும் காரணம் அறிந்த மனமும் பட்டறையில் உள்ளன. திரையும் மென்பொருளும் மாணவரிடம் உள்ளன. இவற்றை ஒன்றுசேர்ப்பதற்குப் பெருமூலதனம் வேண்டியதில்லை. ஓர் இடுக்கியும் ஒரு கணினியும், பட்டறைத் தொழிலாளரிடமிருந்து கற்கும் மனப்பாங்கும் போதுமானவை.