மணியோசையா, மறியலா?

"சைக்கிள்காரர்கள் ஊர்வலம் போகிறார்களாம், பாதையை அடைத்துக்கொண்டு! இவர்களுக்கு என்ன குறை வந்துவிட்டது?"

காருக்குள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்திருக்கும் கனவான் இப்படிக் கேட்கிறார். கேட்கட்டும், அவருக்குச் சொல்லப் பதில் உண்டு. ஆனால் தோழர்களே, அதே கேள்வியை, அதே சாலையில், பஸ் படிக்கட்டில் தொங்கும் பாட்டாளி கேட்டால்? நேரம் தவறினால் கூலி போகுமே என்று பதைத்து நிற்கும் ஷூ கம்பெனிப் பெண் கேட்டால்? அப்போது நாம் நிதானித்து, நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டமாகச் சைக்கிளேறிச் சென்று குறையை எடுத்துரைப்பது, சைக்கிள்காரனுக்கு நல்ல பெயரைத் தேடித் தருகிறதா? இருக்கிற பெயரையும் கெடுக்கிறதா?

முதலில், இருக்கிற பெயர்தான் என்ன? ஒரு காலத்தில் சைக்கிளுக்கு நகராட்சி வரி வாங்கிற்று, வில்லை கொடுத்தது. இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் பிடித்தார். தொல்லைதான்; ஆனாலும் சைக்கிளும் ஒரு வண்டி, அதை மிதிப்பவனும் சாலைக்குப் பங்காளி என்று சர்க்கார் ஒப்புக்கொண்டிருந்தது. இன்று? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் வட்டாரத்திலே, கேரியரில் சோற்றுத் தூக்கைக் கட்டிக்கொண்டு டேனரிக்குப் புறப்படும் தொழிலாளி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். லாரி பறக்கிறது, கார் பறக்கிறது. ஓட்டுவோர் கண்ணுக்கு அவன் மனிதனாகத் தெரிவதில்லை, தடங்கலாகத் தெரிகிறான். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் சென்றோர் நாலாயிரத்துக்கு மேல்.

ஆக, சைக்கிள்காரனுக்கு இருப்பது கெட்ட பெயர்கூட அல்ல, பெயரே இல்லை! தனியே போகிறவனை எவரும் பார்ப்பதில்லை. பார்க்க வைக்கக் கூட்டம் வேண்டும். அதனால்தான் ஊர்வலம் தேவை என்கிறேன்.

ஊர்வலத்தால் பெயர் மாறுமா? மாறும் என்பதற்குப் புதுக்கோட்டை சாட்சி. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று ஏளனம் பேசினார்கள், ஏசவும் செய்தார்கள். 1992-இல், அனைத்துலக மகளிர் நாளையொட்டி, கைப்பிடியில் கொடி பறக்க, மணி ஒலிக்க, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாத குறைக்கு, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி வந்தவர்கள் உண்டு. முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! ஒருத்தி போனால் கேலி. ஆயிரத்தைந்நூறு பேர் போனால் ஊர் நடப்பு. கல்லுடைக்கும் பெண்ணும், தண்ணீர் சுமக்கும் பெண்ணும், தங்கள் வேலைக்கான வண்டியில் வந்ததை ஊர் கண்டது. யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. வந்தவர்கள் யார் என்பதே முழக்கமாயிற்று.

மறுபக்கத்தையும் பார்ப்போம். அமெரிக்காவிலே சான்பிரான்சிஸ்கோ நகரில் 1992 செப்டம்பரில் தொடங்கிற்று 'கிரிட்டிக்கல் மாஸ்' என்னும் மாதாந்திரச் சைக்கிள் திரள். கூட்டம் சிவப்பு விளக்கிலும் நிற்காமல் போகட்டுமென்று, சிலர் குறுக்குத் தெருக்களை மறித்து நிற்பார்கள். 1997 ஜூலையில் ஐயாயிரம் பேர் திரண்டனர். கைகலப்பு, நூற்றுக்கு மேற்பட்டோர் கைது. பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சைக்கிள் பாதைகள் பிற்பாடு அங்கே பெருகின. ஆனால் அன்று வீட்டுக்குப் போக முடியாமல் நின்றவர் நெஞ்சில் பதிந்தது சைக்கிள்காரனின் குறையா? அவனுடைய முரட்டுத்தனமல்லவா!

அப்படியானால் மறியலே கூடாதா? நெதர்லாந்தைப் பாருங்கள். 1971-இல் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று பெற்றோர் கிளம்பினார்கள். சைக்கிளில் திரண்டார்கள், தெருக்களை மறிக்கவும் செய்தார்கள். அந்தக் கோரிக்கை வென்றது. நாடெங்கும் தனிப்பாதைகள் வந்தன. ஏன் வென்றது? எண்ணெய் நெருக்கடியும் துணை நின்றது, உண்மை. ஆனால் அடிப்படை வேறு: காரோட்டியின் பிள்ளையும் அதே தெருவில்தான் விளையாடிற்று! எதிரே நிற்பவனும் தன் வழக்காக எண்ணக்கூடிய ஒன்றைக் கேட்டார்கள்.

பாடம் விளங்குகிறதல்லவா? ஊர்வலம் தன் பலத்தைக் காட்டப் புறப்பட்டால் பகை வளர்க்கும். தன் முகத்தைக் காட்டப் புறப்பட்டால் துணை சேர்க்கும்.

வேலூருக்கு வருவோம். ஆற்காடு சாலையை ஐந்நூறு சைக்கிள் அடைத்தால், அரை மணி நேரம் ஊர் நம்மைப் பார்க்கும். ஆனால் அதுதான் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் வரும் வழி. எங்கெங்கிருந்தோ நோயாளியைச் சுமந்து வருவோர் அங்கே காத்து நின்றால், நம் நியாயம் அவர்கள் காதில் ஏறுமா? ஆகவே ஆம்புலன்சுக்கும் பஸ்ஸுக்கும் வழிவிட்டு, இடப்பக்கம் ஒட்டி, சிக்னலில் நின்று போகவேண்டும். கட்டுப்பாடு கோழைத்தனமல்ல, ஆயிரம் பேர் ஒரு விளக்குக்காக நிற்பதே கண்டவர் வியக்கும் காட்சி!

கேட்பது ஒன்றாக இருக்கட்டும்: தொழிலாளி உயிரோடு கடக்க வழி. நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்குள்ள பாதை, கடக்குமிடத்தில் சுரங்கவழி. தமிழக அரசு 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய மிதிவண்டித் திட்டம், 2005-இல் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. ஏழை வீட்டுக்கு வண்டி வந்தது. வண்டி தந்தால் போதுமா? வழி தரவேண்டாமா? இந்தக் கேள்வி பஸ்ஸில் நிற்பவர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்கும் கேள்வி.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கசந்தாலும் கேளுங்கள். மாலையோடு வரும் தலைவர் பத்தடி தூரம் மிதித்து, படம் பிடித்ததும் காரேறிப் போய்விட்டால், அந்த ஊர்வலம் சைக்கிள்காரனுக்கு இழைத்த அவமானம். எந்தக் கட்சிக் கொடியானாலும் சரி, முன்வரிசை நாள்தோறும் மிதிப்பவனுக்கு: டேனரித் தொழிலாளிக்கு, பால்காரருக்கு, பள்ளி மாணவிக்கு.

மணியடித்துப் புறப்படுங்கள், தோழர்களே! ஊரை நிறுத்த அல்ல, ஊரைச் சேர்த்துக்கொள்ள.